சொறிதல் மீமாம்சை

உலகத்தில் எத்தனையோ சாஸ்திரங்கள் தோன்றி, உரையும் உரைக்கு உரையும் பெற்றுச் செழித்திருக்க, பள்ளிப் பிள்ளை முதல் பல் போன கிழவர் வரையில் ஜாதி மத பேதமின்றி அனைவரும் அனுஷ்டித்து வரும் சொறிதல் என்னும் மகத்தான கிரியைக்கு மாத்திரம் நம் மொழியில் ஒரு சூத்திரமோ பாஷ்யமோ ஏற்படாதது வித்வான்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம். 1660-ல் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்னும் ஜெர்மானிய வைத்தியர், சொறியத் தூண்டும் அசௌகரிய உணர்ச்சியே அரிப்பு என்று லட்சணம் வகுத்தார். அரிப்பைச் சொறிதலால் விளக்கும் இந்த லட்சணத்தில் அந்யோந்யாசிரய தோஷம் இருப்பதாகத் தர்க்க சாஸ்திரிகள் ஆட்சேபிக்கலாம். ஆனால் தோலின் நடைமுறையே அந்தத் தோஷத்தில்தான் அமைந்திருக்கிறது என்பது பின்னால் விளங்கும்.

கர்மங்களைப் போலவே சொறிதலும் நித்தியம், நைமித்திகம், காமியம் என மூவகைப்படும். மேலதிகாரி கணக்குக் கேட்கும்போது பின்னந்தலையைச் சொறிவது நித்தியம்; அதனால் கேசத்துக்கும் கணக்குக்கும் பெரிய மாறுதல் ஒன்றும் விளைவதில்லை. கொசுக்கடி முதலிய நிமித்தங்களால் சொறிவது நைமித்திகம். சும்மா விட்டால் அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். சும்மா விட்ட மகானைத்தான் நான் இதுவரை தரிசித்ததில்லை.

ஆராய்ச்சிக்கு உரியது காமியமே. சுகம் ஒன்றையே பலனாக உத்தேசித்து, தனிமையில் கண்ணை மூடிக்கொண்டு, நகம் போதாதபோது சீப்பு, கொண்டை ஊசி, விசிறிக் காம்பு ஆகிய உபகரணங்களையும், முதுகுக்குக் கை எட்டாதபோது வீட்டுத் தூணையும் துணைக்கொண்டு செய்யப்படுவது இது. அரிக்கும் இடத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வதும் இவ்வினமே. அதை நகமில்லாச் சொறிதல் எனலாம். சொறிவதால் எழும் சிறு வலி, அரிப்பின் செய்தியைத் தண்டுவடத்திலேயே மறித்துவிடுவதால், அந்த க்ஷண நேரத்து ஆனந்தம் பொய்யன்று. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு கனமே உள்ள மேற்படலம் அதற்குள் கிழிந்து, ஈரம் வெளியேறி, நக அழுக்கிலிருந்த கிருமிகள் உட்புகுந்து, தோல் அழன்று, முன்னிலும் அதிகமாக அரிக்கிறது. அரிப்பதால் சொறிகிறோம், சொறிவதால் அரிக்கிறது. இந்த யாகத்தை மாதக்கணக்கில் நடத்துவோருக்குக் கணுக்காலும் பிடரியும் கறுத்துத் தடித்து யானைத் தோலாகிவிடுவது கண்கூடு.

சொறிவதற்கு இல்லாவிடில் நகம் எதற்கு என்பது பூர்வபக்ஷம். சின்ன வெங்காயம் உரிப்பதற்கு என்பது சித்தாந்தம்.

பரிகாரம் வருமாறு: அரிக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்துக, அல்லது குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்திருக்க. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவுக. நகத்தை ஒட்ட வெட்டுக. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் படர்தாமரைக்குப் பூசினால், அரிப்பு அடங்கியதுபோல் தோன்றும். படை மாத்திரம் சத்தமின்றிப் பரவும்.

மூவகையிலும் அடங்காத விலக்கு ஒன்று உண்டு. இரவில் அரிப்பு அதிகமாகி, ஒரே வீட்டில் இருவர் மூவர் சேர்ந்து சொறியத் தொடங்கினால், சாஸ்திர விசாரணையை அத்துடன் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். அது சிரங்காக இருந்தால், அரிப்பில்லாதவர் உட்பட வீட்டார் எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும்.