வாய்க்காலைப் பிடித்தால் ஆறு வரும்: நொய்யல் கேள்வி-பதில்

கே: ஞாயிறுதோறும் குளக்கரையில் சிலர் கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள். இதனால் நொய்யல் பிழைத்துவிடுமா? (சரவணம்பட்டி வாசகர்)

ப: பொறுக்குவதோடு நின்றால் பிழைக்காது. ஆனால் இறங்கியவர்கள் அதோடு நிற்பதில்லை. கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017 வறட்சியில் பேரூர் பெரியகுளத்தில் குப்பை அள்ளத் தொடங்கினார்கள். பிறகு வெள்ளலூர்க் குளத்துக்குப் போனபோது குப்பையைவிடப் பெரிய சிக்கல் கண்ணில் பட்டது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராஜவாய்க்கால் மண்மேடிட்டுப் புதர் மண்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்தார்கள். பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த குளத்தில் தண்ணீர் ஏறியது. கரையில் நாட்டு மரங்களை நட்டு அடர்வனம் வளர்த்தார்கள். இன்று வண்ணத்துப்பூச்சி பார்க்கவே அங்கே ஆட்கள் போகிறார்கள். ஒரு வாரம் குப்பை அள்ளியவருக்கு அடுத்த வாரம் ‘இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?’ என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியோடு மேற்கே நடந்தால் வாய்க்கால், அணைக்கட்டு, ஆறு, மலை எல்லாம் வரிசையாக வரும்.

கே: எங்கள் தாத்தா காலத்தில் நொய்யல் வருஷம் முழுக்கக் கரைபுரண்டு ஓடியதாமே? (இருகூர் வாசகி)

ப: கரைபுரண்டது நிஜம். ‘வருஷம் முழுக்க’ என்பது தாத்தாவுக்கு ஆற்றின் மேல் இருந்த பிரியம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து, நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் சேரும் மழைக்கால ஆறு இது. இரண்டு பருவமழைகளிலும் வெள்ளம் வரும். சில நாளில் வடிந்துவிடும். கோவை நகரில் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர்தான். வருகிற சில நாள் வெள்ளத்தை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள நம் முன்னோர் ஒரு வழி கண்டார்கள். ஆற்றின் குறுக்கே வரிசையாகச் சிறு அணைக்கட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்கால் வழியில் குளங்கள். முதலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. அதன் வாய்க்காலில் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி என்று ஒன்று நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்ததற்குத் தண்ணீர் போகும். உக்கடம் பெரியகுளம் நிறைந்தால் வாலாங்குளம். குளத்தில் தேங்கியது நிலத்தில் இறங்கும். சுற்று வட்டாரக் கிணறுகளில் ஊறும். தாத்தா பார்த்த செழிப்பில் பெரும்பங்கு அந்தக் கிணற்று நீர்தான். அதனால்தான் ஆற்றை மட்டும் சுத்தம் செய்தால் போதாது என்கிறேன். சங்கிலியில் ஒரு வாய்க்கால் அடைபட்டால் அதற்குக் கீழே உள்ள குளங்கள் அத்தனையும் பட்டினி.

கே: ஆகாயத்தாமரை பச்சைப் பசேல் என்று அழகாகத்தானே இருக்கிறது? (ராமநாதபுரம் மாணவர், கோவை)

ப: அது சாக்கடையைத் தின்று வளர்ந்த பச்சை. வெயிலையும் காற்றையும் தண்ணீருக்குள் விடாது, மீன் மூச்சுத் திணறிச் சாகும். எத்தனை லாரி அள்ளினாலும், சாக்கடை நிற்காதவரை சில மாதத்தில் திரும்பவும் மூடிக்கொள்ளும். அள்ளுகிறவர்கள் சாக்கடைக் குழாய் எங்கே வந்து விழுகிறது என்பதையும் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

கே: தன்னார்வலர்கள் மேற்கே கோவையில் மட்டும்தானா? கிழக்கே இருக்கிற எங்களுக்காக யார் வந்தார்கள்? (காங்கேயம் வாசகர்)

ப: உங்கள் பக்கத்து விவசாயிகளே வந்தார்கள். நொய்யல் வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய போராட்டம் அதுதான். சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக 1992இல் ஓர் அணை திறக்கப்பட்டது. திருப்பூரின் சாயக்கழிவு அதில் வந்து தேங்கியது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. நிறத்தைச் சுத்திகரிப்பில் எடுத்துவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு தொடவே தொடாது. பயிருக்கென்று கட்டிய அணை உப்புத் தொட்டியாகியது. கிணறும் தோட்டமும் கெட்டன, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் என்று விவசாயிகள் கூடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2006இல் உத்தரவு வந்தது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009இல் அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலை எட்டாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கோவணம் கட்டி உழுத மக்கள் ஒரு ஏற்றுமதி நகரத்தையே பதில் சொல்ல வைத்தார்கள். அவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

கே: பட்டறைகள் மூடியபோது என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. ஆறு பெரிசா, எங்கள் சோறு பெரிசா? (திருப்பூர் வாசகி)

ப: அம்மா, உங்கள் சோறும் பெரிசு, கீழே இருக்கிற விவசாயியின் சோறும் பெரிசு. இரண்டையும் மோதவிட்டது சுத்திகரிப்புச் செலவை ஆற்றின் தலையில் கட்டிய பழக்கம். வடிகட்டி, சூடாக்கி ஆவியாக்கி, உப்பையும் தண்ணீரையும் பிரித்து மறுபடி பட்டறைக்கே எடுத்துக்கொள்ளும் முறை இன்று திருப்பூரில் நடக்கிறது, பின்னலாடையும் ஏற்றுமதியாகிறது. முன்பே செய்திருந்தால் அந்த மாதங்களில் உங்கள் அடுப்பு அணைந்திருக்காது. ரகசியமாகக் கழிவு விடுகிற ஒரு பட்டறை, ஒழுங்காகச் செலவு செய்கிற பட்டறையின் வயிற்றில் அடிக்கிறது. அதைக் காட்டிக்கொடுப்பதும் தொழிலைக் காப்பதுதான்.

கே: உக்கடம் பெரியகுளத்தில் நடைபாதை, விளக்கு எல்லாம் வந்துவிட்டதே. இனி என்ன குறை? (செல்வபுரம் வாசகர்)

ப: மக்கள் குளத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அது நல்லது. ஆனால் குளத்துக்கு உயிர் கரையோரச் சேற்றில் இருக்கிறது. கோரையும் நாணலும் முளைக்கும் ஆழமில்லாத ஓரத்தில்தான் பறவை இரை தேடும், மீன் குஞ்சு ஒளியும். அந்த ஓரத்தைக் கல்லும் சிமென்டும் பூசி மூடினால் அது தொட்டி. பாதை கரையின் மேல் இருக்கட்டும். உள்சரிவை மண்ணாகவே விடுங்கள். சிங்காநல்லூர்க் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள். மற்றக் குளங்களுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

கே: தடாகத்தில் செங்கல் சூளை, அதற்கும் நொய்யலுக்கும் என்ன சம்பந்தம்? (துடியலூர் வாசகர்)

ப: தடாகம் பள்ளத்தாக்கில் விழும் மழைதான் சங்கனூர்ப் பள்ளமாக நகரத்துக்குள் வந்து நொய்யலுக்குப் போகிறது. அங்கே செம்மண்ணை ஆழ ஆழத் தோண்டினால் ஓடைகளின் வழியே அறுந்துபோகும். ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் விடாமல் போராடியதில் 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. வீட்டைவிட்டு இறங்கினாலே மிரட்டல் என்ற நிலையிலும் மனு எழுதியவர்கள் அவர்கள்.

கே: பிறந்தநாளுக்குக் குளத்துக்குள் நூறு மரம் நடலாமா? (சூலூர் வாசகி)

ப: குளத்துக்குள் வேண்டாம், அது தண்ணீரின் இடம். கரையில் நடுங்கள், பனை, புங்கன், நீர்மருது. மறக்காமல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுங்கள்.

கே: பேரூரில் திதி கொடுப்பதையும் விடச் சொல்வீர்களா? (பேரூர் வாசகர்)

ப: மாட்டேன். எள்ளும் சோறும் மீனுக்குப் போகும். நைலான் துணியையும் பிளாஸ்டிக் பையையும் மட்டும் கையோடு திரும்பக் கொண்டுபோங்கள்.

கே: எனக்குப் பணமும் இல்லை, பழக்கமும் இல்லை. கல்லூரியில் படிக்கிறேன். நான் என்ன செய்ய முடியும்? (பொள்ளாச்சி சாலை மாணவி)

ப: நிறையவே முடியும். உங்கள் ஊர் வாய்க்காலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை அதே இடத்தில், தேதியோடு படம் எடுங்கள். சில நூறு ரூபாய்க்கு உப்பளவு பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும், அளவைக் குறித்து வையுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் ஏற்ற அளவு. வேறு தண்ணீரே இல்லாவிட்டால்கூட 2,000 வரைதான். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் அ-பதிவேடும் கேட்டுப் பாருங்கள். வாய்க்கால் எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆக்கிரமிப்பு இருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், நாலு தோழிகளோடு போங்கள்.

வாசகர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிறு காலை, உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வரும் வழி எது என்று ஒரு பெரியவரைக் கேட்டு, அந்த வாய்க்காலோரம் நடந்து போங்கள். அடைப்பு எந்த இடத்தில் என்று எழுதி அனுப்புங்கள். ஐப்பசி மழைக்கு முன் அதைத் திறந்தாக வேண்டும்.