லிப்டனுக்கு வேலை கிடைக்குமா?

தோமஸ் லிப்டன் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். கிளாஸ்கோவில் அச்சகத்தில் எடுபிடி, பிறகு சட்டைத் துணி வெட்டும் வேலை. அவர்தான் 1890இல் தம்பேதன்னையில் தேயிலை ஸ்டோரைக் கட்டினார். சாதாரண தரப் பெறுபேறு இல்லாமல் இன்றைக்கு அப்புத்தளையில் வந்து நின்றால் கொழுந்து நிறுக்கிற வேலைகூடச் சந்தேகம்தான். லிப்டன் சீட்டில் இப்போது சிலையாக உட்கார்ந்திருக்கிறார். போட்டிப் பரீட்சை எழுதாமல் இந்தப் பக்கத்தில் நிரந்தர சீட் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்களுக்குச் சில வழிகள் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் ஒரே ஆளாக மாற வேண்டும். பிறப்புச் சான்றிதழில் மாரிமுத்து, பள்ளி இடாப்பில் முத்து, சிங்களத்தில் பதிந்து மறுபடி தமிழுக்கு வந்ததில் மாறிமுத்து. மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்தால் ஒருவருக்கும் கிடைக்காது. பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய், அலைந்தாவது, பெயரைத் திருத்துங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பிறகு திருத்த நேரமிருக்காது.

கூப்பிடுவார்களா என்பது அடுத்த கேள்வி. இன்ன தோட்டம், இன்ன டிவிஷன், அப்புத்தளை என்றால் டிவிஷனில் உள்ள அத்தனை லயத்துக்கும் அதுதான் விலாசம். தபால் பை தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து கிளாக்கர் ஐயா மேசைக்கு. பிறகு பெரட்டுக் களத்தில் யாராவது, "உங்க பக்கத்து லயம்தானே, குடுத்துடு" என்று இன்னொருவர் கையில் திணிப்பார். அவர் சட்டைப் பையில் கடிதம் கொஞ்ச நாள் வெற்றிலையோடு குடித்தனம் நடத்தும். எங்கள் லயத்துக்கு நேர்முகக் கடிதம் எப்போதும் நேர்முகம் முடிந்த பிறகுதான் வரும். அடகுக் கடையின் ஏல அறிவித்தல் மட்டும் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. அதனால் டவுனில் தெரிந்த கடை ஒன்றின் விலாசத்தை மே/பா போட்டுக் கொடுங்கள். கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் விடாமல் எழுதுங்கள்.

வர்த்தமானியை நம் ஆட்கள் நாட்சம்பளத்துக்காக மட்டும்தான் தேடுகிறார்கள்: 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350. வெள்ளிக்கிழமைதோறும் அதிலேயே அரச வேலைகளுக்கான அறிவித்தலும் வருகிறது, தமிழிலும். தேநீர்க் கடையில் அரசியல் பேசுகிற நேரத்தில் பாதி போதும், அதை வாசிக்க.

கொழும்புக் கடையில் சேர்த்துவிடுகிறேன் என்று மாமா சொல்வார். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்பார். தங்குமிடம் பல இடங்களில் கடையேதான். ஷட்டரை இழுத்தால் படுக்கையறை. போங்கள், தப்பில்லை. ஈ.பி.எஃப். கட்டுவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால், முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும். கேட்டதும் முதலாளிக்கு இருமல் வந்தால் வேறு கடை பாருங்கள்.

வெளிநாட்டு ஏஜென்ட் வீடு தேடி வந்தால் தேத்தண்ணி கொடுங்கள், பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அனுமதிப்பத்திரம் உண்டா என்று வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து விசாரியுங்கள்.

சிங்களம் பேசப் பழகுங்கள். பண்டாரவளையில் கடை வேலைக்கும் வேண்டும், பதுளைக் கச்சேரிக்கும் வேண்டும்.

வேலை கிடைத்துவிட்டவர்களுக்கும், தேடாதவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். பக்கத்து லயத்துப் பிள்ளையின் கடிதம் உங்கள் சட்டைப் பையில் இருந்தால், இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.