‘அப்’புன்னா மேலேயா, பேராண்டி?

ஏண்டா பேராண்டி, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் லைட்டை எரிச்சுக்கிட்டு ‘கிவ் அப், கிவ் இன், கிவ் அவே’ன்னு ஒப்பிக்கிறியே, உங்க ஆயா பயந்துபோய் எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கிட்டா. பையனுக்குக் காத்துக்கருப்பு ஏதோ அடிச்சிருச்சுங்கிறா. நான்தான் சொன்னேன், இது இங்கிலீஷுடி, வேப்பிலைக்கெல்லாம் அடங்காதுன்னு.

செவுரு முழுக்க எழுதி ஒட்டியிருக்கியே, நல்ல காரியம். விரிசல் ஒண்ணும் வெளியே தெரியல. அதுவும் ஏ-யில ஆரம்பிச்சு வரிசையா இசட் வரைக்கும். நாளைக்கு நீ வேலைக்குப் போற எடத்துல மேனேஜரும் அந்த வரிசையிலயேதான் பேசுவாரு, பாரு.

‘அப்’புன்னா மேலே, ‘டவுன்’னா கீழேன்னு கணக்குப் போட்டிருப்ப. காரவள்ளியில இருந்து நம்ம மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குறவனுக்கு வேற எப்படித் தோணும்? ஆனா பஸ்ஸு ‘ஸ்லோ டவுன்’ ஆனாலும் வேகம் கொறையுது, ‘ஸ்லோ அப்’ ஆனாலும் வேகம் கொறையுது. ஆபீசுல ஃபாரத்தை ‘ஃபில் இன்’ பண்ணுன்னாலும் ‘ஃபில் அவுட்’ பண்ணுன்னாலும் அதே கட்டத்துல அதே பேரைத்தான் எழுதணும். ‘கோ ஆஃப்’ இருக்கே, அது இன்னும் கில்லாடி. லைட்டு ‘கோ ஆஃப்’னா அணைஞ்சுபோச்சு. அலாரம் ‘கோ ஆஃப்’னா அடிக்குது. பாலு ‘கோ ஆஃப்’னா கெட்டுப்போச்சு. மூணும் ஒரே காலையில நடந்தா நீ பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுரு. அப்புறம் ‘ரன் இன்டு’. வளைவுல மாமனை ‘ரன் இன்டு’ பண்ணேன்னு எவனாவது சொன்னா, மாமனை எதேச்சையாப் பார்த்தானா, வண்டியைக் கொண்டுபோய் மாமன் மேல மோதினானான்னு கேட்டுக்கிட்டு அழு.

இந்த வெவகாரம் உனக்கு மட்டும் இல்ல. டீக்கடையில வாத்தியார் சொன்னாரு, 1755-லயே லண்டன்ல சாமுவேல் ஜான்சன்னு ஒருத்தர் அகராதி போட்டாராம். வெளிநாட்டுக்காரங்களை ரொம்பத் திணறடிக்கிறது இந்தச் சோடிச் சொல்லுங்கதான்னு முன்னுரையிலயே எழுதிட்டாராம். ஆனா இதுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’புங்கிற பேரு 1925-ல லோகன் பியர்சால் ஸ்மித் எழுதின புஸ்தகத்துக்கு அப்புறந்தான் பரவலாச்சாம். அதுவரைக்கும் நோவு இருந்திருக்கு, சீட்டுல எழுத ஊரறிஞ்ச பேரு இல்ல. ‘ரன்’ங்கிற ஒத்தைச் சொல்லுக்கு ஆக்ஸ்போர்டு அகராதிக்காரங்க 645 பொருள் எண்ணி வச்சிருக்காங்களாம். நீ செவுத்துல எழுதினது ஏழு. பாதி தூரம் வந்துட்ட, போ.

ஆடி 18-க்கு விழா எடுக்கிறோமே, நம்ம வல்வில் ஓரி, அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் தொளைச்சுக்கிட்டுப் போச்சு இல்லையா? வெள்ளைக்காரன் கையில ‘கெட்’டும் அப்படித்தான். ‘கெட் அப்’, எந்திரி. ‘கெட் ஆன்’, பஸ்ஸுல ஏறு. ‘கெட் ஓவர்’, துக்கத்துல இருந்து தேறு. ‘கெட் அவே’, தப்பிச்சு ஓடு. ‘கெட் பை’, இருக்கிறதை வச்சு ஒப்பேத்து. கடைசி ரெண்டும் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

தமிழ் மட்டும் என்ன சாதுவா? போன சந்தைக்கு சோளக்காடு போன உங்க பெரியப்பன் நடுச்சாமத்துல வந்து பெரியம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான். என்னத்தை வாங்கினான், எதுல கட்டினான்? அவனைப் போட்டுக்கொடுத்தது நீ. எதைப் போட்ட, எதைக் கொடுத்த? இதையெல்லாம் எந்தச் செவுத்தைப் பார்த்துடா படிச்ச? நாலு வயசுலயே திண்ணையில உக்காந்து, யாரு யாரை எதுக்குத் திட்டுறாங்கன்னு வாயைப் பார்த்தே புடிச்சுக்கிட்ட.

அதனால ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கெழமை அன்னாசிக்கூடையைத் தூக்கிக்கிட்டு ஆகாய கங்கைப் படிக்கட்டுக்குப் போ. அருவியில குளிச்சுட்டுத் திரும்ப ஏறி வர்ற டவுன்காரன் பாதிப் படியில பொத்துன்னு உக்காந்து ‘ஐ கிவ் அப்’புன்னு சொல்லுவான். அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே காதுல வாங்கிக்க. அந்தச் சொல்லு உனக்குச் செத்தாலும் மறக்காது. அப்படியே ரெண்டு துண்டு வித்துரு. பழம் தீந்துபோனா ‘வீ ஹேவ் ரன் அவுட்’டுன்னு நீயே சொல்லு. தப்பாச் சொன்னா சிரிப்பான், சிரிச்சுட்டுப் போறான், காசு குடுத்துட்டானில்ல?

ஒரு சூதானம் மட்டும் வச்சுக்க. ‘பிக் அப் த பேக்’னாலும் சரி, ‘பிக் த பேக் அப்’புன்னாலும் சரி. பையோட பேரைச் சொல்லாம ‘இட்’டுன்னுட்டா, அது நடுவுலதான் குந்தும். ‘பிக் இட் அப்’. ‘பிக் அப் இட்’டுன்னு சொல்லிராத. ஆனா ‘லுக் ஆஃப்டர்’ நடுவுல யாரையும் அண்ட விடாது. ‘லுக் ஆஃப்டர் இட்’தான். எது விடும் எது விடாதுன்னு சொல்லுக்குச் சொல்லு பார்த்துத்தான் பழகணும்.

‘புட் ஆஃப்’ உனக்கு நல்லாவே வரும். மொளகு பறிக்கிறதை நாளைக்கு நாளைக்குன்னு மூணு வாரமாத் தள்ளிப் போடுறியே, அதேதான்.

எல்லாம் சரி, உன் செவுத்தைப் ‘பி’ வரைக்கும் பார்த்தேன், ‘பே பேக்’னு ஒண்ணைக் காணோமே? தீபாவளிக்கு எங்கிட்ட ஐநூறு வாங்கினியே, அதான் கேட்டேன்.