கெளுத்தி புரண்டு படுத்தது

நிஷிகசாய், டோக்கியோ
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தேன். போன் மேசைக்கு மேலே இருந்தது. அதனால்தான் எடுக்கவில்லை. இங்கே வீடு ஆடி முடிப்பதற்குள் தஞ்சாவூரில் உனக்குத் தெரிந்துவிடுகிறதே, உன்னை இந்த ஊர் வானிலை ஆய்வு மையத்தில் வேலைக்கு வைக்கலாம்.

உன் டிவிக்காரர்கள் சொன்னதில் பாதி நிஜம். வியாழக்கிழமை கியூஷு தீவுப் பக்கம் கடலில் 7.1 அளவுக்கு நடுங்கியது. அதையொட்டி, நான்காய் கடற்பள்ளத்தில் பெரிய நிலநடுக்கம் வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது, ஒரு வாரம் உஷாராக இருங்கள் என்று அறிவித்தார்கள். இப்படி அறிவித்தது இதுவே முதல் தடவை. பிரதமர் கிஷிதா வெளிநாட்டுப் பயணத்தையே ரத்து செய்துவிட்டார். ரத்து செய்ய எனக்குப் பயணம் ஏதும் இல்லாததால் கடைக்குப் போனேன். அரிசி அலமாரி துடைத்துவிட்ட மாதிரி காலி. பதறி அரிசி மூட்டையைத் தபாலில் அனுப்பிவிடாதே, நூடுல்ஸ் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆடியது வேறு. பக்கத்து கனகாவா மாகாணத்தில், 5.3. நான் மேசைக்கடியில் சஷ்டி கவசத்தைப் பாதியில் மறந்து முழிக்கிறேன்; அப்பாவும் பிள்ளையும் சோபாவில் உட்கார்ந்து பந்தயம் கட்டுகிறார்கள். "இது ரெண்டு." "இல்லப்பா, மூணு." அந்தந்த ஊரில் எவ்வளவு ஆடியது என்பதற்கு இங்கே 'ஷிந்தோ' என்று 0 முதல் 7 வரை ஒரு கணக்கு உண்டு. டிவியில் எண் வந்ததும் பிள்ளைக்கு ஐஸ்கிரீம்.

கீழ்வீட்டுப் பாட்டி இன்னும் மோசம். அவசரப் பை தயாரா என்று பார்க்க வந்தாள். என் பையில் தண்ணீர், டார்ச், விசில், டப்பாவில் அடைத்த ரொட்டி. கூடவே உன் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும். அவள் பையில் சீட்டுக்கட்டும் லிப்ஸ்டிக்கும். "முகாமுக்கு டிவிக்காரர்கள் வருவார்களே!"

நிலநடுக்கம் ஏன் வருகிறது என்று பாட்டி ஒரு கதையும் சொன்னாள். பூமிக்கு அடியில் ஒரு ராட்சசக் கெளுத்தி இருக்கிறதாம். காஷிமா சாமி அதைக் கல்லால் அழுத்தி வைத்திருக்கிறார். அவர் கண் அசந்தால் மீன் புரளும், பூமி ஆடும். 1855இல் எடோ, அதாவது இதே டோக்கியோ, இடிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். புகை அடங்குவதற்குள் கெளுத்திப் படங்களை அச்சடித்துத் தெருவில் விற்றிருக்கிறார்கள். ஒன்றில் ஊரே சேர்ந்து மீனை மொத்துகிறது. இன்னொன்றில் தச்சரும் கொத்தனாரும் அதே மீனுக்கு விருந்து வைக்கிறார்கள், வேலை குவிந்துவிட்டதே! பணக்காரர்கள் பதுக்கிய காசைக் கக்க வைக்கும் கெளுத்தியும் உண்டு. இடிந்த வீட்டு வாசலில் நின்று அதை வாங்கிச் சிரித்திருக்கிறார்கள், பார். அரசாங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, தடை போட்டுவிட்டது. (உன் கையில் அந்த மீன் கிடைத்திருந்தால் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருப்பாய். பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும்.)

அப்போது சாமி எங்கே போனார் என்று பாட்டியிடம் கேட்டேன். பழைய கணக்கில் பத்தாம் மாதம் எல்லாச் சாமிகளும் இசுமோ கோயிலில் கூட்டத்துக்குப் போய்விடுவார்களாம். காவலுக்கு ஆள் கிடையாது. அந்த நிலநடுக்கம் வந்ததும் அந்த மாதத்தில்தான்.

நீ அக்டோபரில் வருவதாக இருப்பதைப் பாட்டியிடம் சொன்னேன். தாராளமாக வரட்டும், ஆனால் சாமிகள் திரும்பிய பிறகு வரச் சொல் என்கிறாள். டிசம்பருக்கு டிக்கெட் பார்க்கட்டுமா?

உன் பெரியவள்