பெரட்டு மூட்டை: கைக்குழந்தையோடு நெடுந்தூரம் பறப்பது குறித்த ஓர் ஆய்வு

கைக்குழந்தையோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு மூட்டை கட்டத் தெரியவில்லை என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள். கட்டத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் இருந்தார்கள் என்பது இரண்டாவது. அவர்களில் பெரும்பாலோர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆகவே இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அவசரப்படுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். ரெம்பாவ் மாவட்டத்தில், வெந்நீர் ஊற்றுக்கும் நெடுஞ்சாலை டோலுக்கும் பெயர்போன பெடாஸ் சிற்றூரிலிருந்து சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1998 ஜூனில் திறக்கப்பட்ட அந்த விமான நிலையம் எழுந்ததே செம்பனைத் தோட்டம் இருந்த நிலத்தில்தான். எனவே தோட்டத்துக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு நாம் வலிந்து உண்டாக்கியதன்று. ஓடுபாதைக்கு அடியிலேயே அது கிடக்கிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பறக்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். அதற்காகக் கட்டப்படும் பைக்கு ஒரு விதி உண்டு: பிள்ளை எவ்வளவு சிறியதோ, பை அவ்வளவு பெரியது. காரணம் எளிது. பிள்ளை சிறியதாக இருக்கும்போதுதான் பயப்படும் உறவினர் மிகுதி. பயப்படும் ஒவ்வோர் உறவினரும் பைக்குள் ஒரு பொருள் வைக்கிறார். வயிற்றில் தடவும் யூயீ எண்ணெய் அம்மாச்சி வைத்தது. வசம்பு அப்பாயி வைத்தது. கிரைப் வாட்டர் பெரியம்மா வைத்தது. கிலுகிலுப்பையை வைத்தவர் பின்வரிசைப் பயணிகளைப் பற்றி ஒரு கணமும் எண்ணிப்பாராத சித்தப்பா. பிள்ளைக்கு வேண்டிய பால் பாட்டிலும் பேம்பர்ஸும் இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு அனுமதிக்கும் எடை 7 கிலோ. ஆறு மாதக் குழந்தையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, தாய் சுமப்பது இரட்டைப் பிள்ளைகளை. அவற்றில் ஒன்று உறவினர்கள் கூடிப் பெற்றது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். ரப்பர் மரத்தில் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறக் குறையும். அதனால் பொழுது விடியுமுன்பே பெரட்டு, அதாவது வேலையாட்களை வரிசையில் நிறுத்தி ஆள்கணக்கு எடுப்பது. பெரட்டில் கிராணி என்னும் தோட்டத்து எழுத்தர் பெயர் கூப்பிடுவதற்குள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். மரத்தின் பால் நேரத்துக்கும் பிள்ளையின் பால் நேரத்துக்கும் நடுவே அகப்பட்ட தாய் இருட்டில் எடுத்துச் சென்ற துணி மூட்டையைத்தான் இக்கட்டுரை பெரட்டு மூட்டை என்று அழைக்கிறது. ஒரு கை பிள்ளைக்குப் போய்விட்டதால் அதை மறு கையால் அவிழ்க்க முடிய வேண்டும். விளக்கில்லாததால் தடவிப் பார்த்தே எது எங்கே என்று தெரிய வேண்டும். மறந்ததை எடுக்க லயத்து வீட்டுக்குத் திரும்ப முடியாது. இவை எல்லாவற்றையும்விட நுட்பமான நிபந்தனை ஒன்று உண்டு: மூட்டையை அவிழ்க்கப் போகிறவர் தாய் அல்லர், ஆயா. கொட்டகை நிறையத் தூளிகளைக் கவனிக்கும் அந்த முதியவருக்கு, இது எதற்கு, அது எப்போது என்று விளக்கிச் சொல்ல நேரமிருக்காது. பிரித்ததும் தானே விளங்குவதாக மூட்டை இருக்க வேண்டும். விமானத்தில் ஆயாவின் இடத்தில் இருப்பவர் பக்கத்து இருக்கையிலுள்ள கணவர். அவருக்கு விளங்கும்படி கட்டப்பட்ட பை இதுவரை எங்கும் கண்டெடுக்கப்படவில்லை.

இந்நிபந்தனைகள் அத்தனையும் விமானத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. ஏறும்போதும், அதைவிட மிகுதியாக இறங்கும்போதும், அழுத்தம் மாறிக் காது அடைக்கும். பெரியவர்கள் கொட்டாவி விடுவார்கள். குழந்தைக்கு உறிஞ்சி விழுங்கினால்தான் காது திறக்கும். தாய்ப்பால் தருபவருக்குச் சிக்கல் குறைவு. பாட்டிலை நம்பியவருக்கோ அது வேண்டிய நேரம் பார்த்து இருக்கை வார் போடும் விளக்கு எரியும். எழுந்து மேலடுக்கைத் திறக்க முடியாது. அந்த அரை மணி நேரமும் மேலடுக்கில் இருக்கும் பை பெடாஸிலேயே விட்டு வந்ததற்குச் சமம். தொட்டில் மாட்டும் முன்சுவர் இருக்கையைப் போராடி வாங்கியவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு எதிரே இன்னோர் இருக்கை இல்லை. காலடியில் பை வைக்க இடமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடச் சொல்வார்கள். மடியில் மிஞ்சுவது பிள்ளையும் ஒரு துணி மூட்டையும்தான். பதினான்கு மணி நேரத்துக்கான மூட்டை என்று ஒன்று கிடையாது. அடுத்த பால்வேளை வரைக்குமான மூட்டை மட்டுமே உண்டு. அதை அவ்வப்போது மேலடுக்குப் பையிலிருந்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தொட்டிலைப் பற்றி ஒரு கிளை ஆய்வு தேவைப்படுகிறது. மலேசிய வீடுகளில் சாரோங்கை ஸ்பிரிங்கில் மாட்டிக் குதிக்க வைக்கும் தொட்டில் வழக்கம். மோட்டார் பூட்டியும் விற்கிறார்கள். அதில் வளரும் பிள்ளை ஆட்டினால்தான் உறங்கும். விமானத் தொட்டிலோ ஆடாது. விமானமே ஆடத் தொடங்கி, இப்போதுதான் வீடு போல இருக்கிறது என்று பிள்ளை கண் சொருகும் வேளையில், ஆட்டத்தின் காரணமாகப் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கிவிடச் சொல்வார்கள். பாதுகாப்புக் கருதிய இவ்விதியில் பிழையில்லை. ஆனால் ஸ்பிரிங் தொட்டிலுக்கு முற்றிலும் எதிரான தத்துவம் இது. இதற்கு மூட்டையில் மருந்தில்லை. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவது நல்லது.

இங்கே தடை எழுப்புவோர் உண்டு. தோட்டத்து மூட்டை சிறியதாக இருந்தது வைக்கப் பொருள் இல்லாததால். வறுமையைக் கலையாக்கிக் காட்டலாமா என்பர். வலுவான தடை இது; அந்த வறுமையில் மெச்ச ஏதுமில்லை. ஆனால் நாம் புகழ்வது மூட்டையின் சிறுமையை அன்று, அதன் அடுக்கை. மேலும், அதே மக்கள் கப்பலேறியபோது சிறிய மூட்டையோடு போகவில்லை. 1926-இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய ராஜுலா கப்பலில் மலாயாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனவர்கள் தகரப் பெட்டி, பாய், பாத்திரம் என்று குடும்பத்தையே தளத்தில் பரப்பிக்கொண்டு நாள்கணக்கில் பயணம் செய்தார்கள். அங்கே அது சரி. பெட்டி பக்கத்தில் இருந்தது. எழுந்து எடுக்கத் தடையில்லை. இடுப்பில் வார் இல்லை. அதன்பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியின் கதை முடிந்தது. கப்பல் போனாலும் கப்பல் மூட்டை குடும்பங்களில் தங்கிவிட்டது. இன்று நாம் விமானத்தில் ஏறுகிறோம், ராஜுலாவுக்கு மூட்டை கட்டுகிறோம். நோயின் மூலம் இதுவே என்பது இவ்வாய்வின் துணிபு.

விமானம் தாமதமானால் என்ன செய்வது என்ற தடைக்கு விடை சுருக்கம்: கையிருப்பு வேண்டியதுதான், மேலடுக்குப் பையில் இருக்கட்டும். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்களே என்ற அச்சமும் பெரும்பாலும் வீண். 2006 ஆகஸ்டில் லண்டனில் விமானத் தகர்ப்புச் சதி பிடிபட்டபின் திரவத்துக்கு 100 மில்லி என்ற கட்டுப்பாடு உலகெங்கும் பரவினாலும், பயணத்தில் குழந்தைக்கு வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. யூயீ எண்ணெய்ப் பாட்டில் விரலளவே இருப்பதால் தப்பிவிடும். பெரியம்மா காய்ச்சிக் கொடுத்த ஒரு போத்தல் கஷாயத்துக்கு விலக்கு கேட்டு வாதாடுவது அவரவர் விருப்பம்.

பிள்ளை அழுவது பிள்ளையின் குணம், மூட்டையின் குற்றமன்று என்பார் கூற்றும் உண்டு. ஏர் ஏசியா எக்ஸ் 2013-இல் சிறுவர் இல்லாத அமைதிப் பகுதி ஒன்றை விமானத்தில் ஒதுக்கியது இக்கொள்கையின் வழியில்தான். பல் முளைக்கும் அழுகையும் வயிற்று வலி அழுகையும் எந்த மூட்டைக்கும் அடங்கா என்பதை ஒப்புக்கொள்கிறோம். எஞ்சிய அழுகையில் கணிசமான பங்கு, பாட்டில் மேலே இருக்க வாய் கீழே இருந்ததால் எழுந்தது. தனிப் பகுதி தேவை என்றால் அதைச் சித்தப்பாவின் கிலுகிலுப்பைக்கு ஒதுக்கலாம்.

ஆகவே பயணம் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வழியனுப்ப வருகிறவர்கள் கடைசி நேரத்தில் நீட்டும் எதையும் பைக்குள் போடாதீர்கள். முதல் நாள் இரவே மூட்டையைக் கட்டிவிட்டு, விளக்கை அணைத்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் அவிழ்த்துப் பாருங்கள். பிறகு கணவரையும் அவிழ்க்கச் சொல்லுங்கள். பால் பாட்டில் கைக்கு வரவில்லை என்றால் மறுபடி கட்டுங்கள்.