லிக்விடேட்டர் ஐயா, அடுத்த வண்டி எது?

அனுப்புநர்:
ஒரு ரோட்கிங் உரிமையாளர்,
மயிலாப்பூர், சென்னை - 4.

பெறுநர்:
அரசு கம்பெனி கலைப்பு அதிகாரி அவர்கள்,
கர்நாடக உயர் நீதிமன்றம், பெங்களூரு.

பொருள்: ஐடியல் ஜாவா (இந்தியா) லிமிடெட், மைசூர் - கம்பெனி மூடப்பட்டது - வாடிக்கையாளர் இன்னும் மூடப்படாதது - அடுத்த மோட்டார் சைக்கிள் குறித்து ஆலோசனை வேண்டுதல் - தொடர்பாக.

பார்வை: தங்கள் கம்பெனியின் 'ஃபாரெவர் பைக், ஃபாரெவர் வேல்யூ' விளம்பரம், காலாவதி நாள் குறிப்பிடப்படாதது.

ஐயா,

தங்களை நான் பார்த்ததில்லை. தாங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவீர்களா என்பதும் தெரியாது. ஆனாலும் சட்டம் நம் இருவரையும் உறவாக்கி வைத்திருக்கிறது. ஒரு கம்பெனியைக் கலைக்கக் கோர்ட் உத்தரவிட்டால் முதலாளி, இயக்குநர்கள், மேனேஜர் அத்தனை பேருடைய அதிகாரமும் லிக்விடேட்டரிடம் வந்து சேரும் என்கிறார் ஒரு வக்கீல் நண்பர். அப்படியானால் ஐடியல் ஜாவாவில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் தாங்கள்தான். சேல்ஸ், சர்வீஸ், ஸ்பேர்ஸ், குறைதீர்ப்பு எல்லாம் ஒரே மேஜை. உயிரோடிருக்கும் கம்பெனிகளில் இந்த வசதி கிடையாது. அங்கே ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று ஒரு பெண்குரல்தான் கிடைக்கும்.

என் கேள்வி சின்னது. என் வண்டிக்கு வயதாகிவிட்டது. அடுத்து எதை வாங்குவது?

முதலில் தங்கள் சரக்கைப் பற்றித் தங்களுக்கே சொல்லிவிடுகிறேன். கோப்பில் இது இருக்க வாய்ப்பில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் 1929-ல் பிறந்த ஜாவாவிடம் உரிமம் பெற்று, 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஃபரூக் இரானி வண்டி செய்ய ஆரம்பித்தார். 1970-களில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. 1978-ல் ரோட்கிங் வந்தது. 250 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக், ஒரே ஒரு சிலிண்டர், அதற்கு இரண்டு சைலன்சர். கிக்கரும் கியரும் ஒரே லீவர்: உள்ளே அழுத்தி நிமிர்த்தினால் கிக்கர், மடக்கிவிட்டால் கியர். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம். பெட்ரோல் போடும்போது ஆயிலையும் அளந்து ஊற்ற வேண்டும். பங்கில் வரிசையில் நிற்பவர்கள் இந்த அபிஷேகம் முடியும்வரை ஹாரன் அடிப்பார்கள்.

லஸ்ஸிலும் கச்சேரி ரோட்டிலும் மெட்ரோவுக்குத் தோண்டத் தொடங்கியதிலிருந்து, தகரத் தடுப்புகளுக்கு நடுவே முதல் கியரிலேயே என் வண்டிக்கு ஆயுள் கழிகிறது. போன வாரம் போன வழி இந்த வாரம் ஒருவழியாகியிருக்கும். பின்னால் ஸ்கூட்டியில் வரும் பெண் துப்பட்டாவை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்க்கிறேன். அவர் மேல் தப்பில்லை. கம்பெனியை முடித்ததில் அந்தப் புகைக்கும் பங்கு உண்டு. 1980-களின் நடுவில் வந்திறங்கிய ஜப்பான் கூட்டு 100 சி.சி. வண்டிகள் ஒரு லிட்டரில் எங்கள் வண்டியைவிட வெகுதூரம் ஓடின. 1996-ல் மாசு விதிகளும் இறுகின. யமஹா ஆர்.எக்ஸ். 100 நின்றதும் அதே ஆண்டு. மைசூர் தொழிற்சாலை கதவடைத்ததும் அதே ஆண்டு. இதற்காகத் தங்களிடம் சண்டைக்கு வரவில்லை. ஊருக்கு மூச்சு வேண்டும்.

என் கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. கம்பெனி செத்தால் வண்டியும் சாக வேண்டுமல்லவா? சாகவில்லை. தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமல் சென்னையில் ஒரு நிழல் ஐடியல் ஜாவா நடந்துகொண்டிருக்கிறது. அதன் ஸ்பேர்ஸ் பிரிவு புதுப்பேட்டை. அக்சஸரி பிரிவு ஜி.பி. ரோடு. ஆராய்ச்சி மையம் எங்கள் தெருமுனை மெக்கானிக் கடை. அங்கே பாயின்ட், கண்டன்சர், கிளட்ச் பிளேட் எதைக் கேட்டாலும் மெக்கானிக் முதலில் "வராது சார்" என்பார். இரண்டு நாள் கழித்துப் போனால் பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றியதோ, லேத்தில் கடைந்ததோ வந்திருக்கும். தேயத் தேயப் போர் போட்டு அகலப்படுத்தியதில் என் சிலிண்டர் கடைசி ஓவர்சைஸுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் புதுப்பேட்டையாலும் ஆகாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதற்கிடையே பெயர் மட்டும் அமோகமாக உயிர்த்தெழுந்தது. 2018 நவம்பரில் கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற கம்பெனி ஜாவாவைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் யெஸ்டியையும். யெஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று பெங்களூரில் வழக்கு நடந்தது. அது கலைப்பில் இருக்கும் ஐடியல் ஜாவாவுக்கே உரியது என்று 2022 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். பிறகு தடை, மேல்முறையீடு, டிவிஷன் பெஞ்ச். அதில் தாங்களும் ஒரு தரப்பு என்பதால் மேலே சொல்லவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். பெயருக்கு இத்தனை வாரிசுகள் வந்தார்கள். என் பிஸ்டன் ரிங்குக்கு வாரிசு நான்தான் என்று ஒருவர்கூட வழக்குப் போடவில்லை.

உலகமெங்கும் இதே கதைதான். நார்ட்டன் நொடித்தபோது 2020 ஏப்ரலில் அதை வாங்கியது நம் டி.வி.எஸ். பி.எஸ்.ஏ. என்ற பெயர் மகிந்திரா வழியாக மறுபடி வந்தது. பெட்ரோல் டேங்கில் ஒட்டும் எழுத்துக்கு ஏலம் போகிறது. டேங்குக்குக் கீழே இருப்பதைக் கேட்பாரில்லை.

சரி, அடுத்த வண்டிக்கு வருகிறேன். மயிலாப்பூரில் வண்டி வாங்குவதும் வரன் பார்ப்பதும் ஒன்று: சம்பந்தமில்லாதவர்கள்தான் முதலில் கருத்து சொல்வார்கள். அடையாறு சித்தப்பா, தி.நகர் அத்திம்பேர், கீழ்வீட்டு மாமா என்று எல்லோரும் பேசி முடித்ததில் மூன்று ஜாதகம் கைக்கு வந்திருக்கிறது.

முதலாவது புல்லட். "கண்ணை மூடிண்டு புல்லட் வாங்கிடுடா" என்கிறார் அத்திம்பேர். அவர் இதுவரை ஓட்டியது சைக்கிள். ஆனால் அவர் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டும் ஒருமுறை செத்த கம்பெனிதான். 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். கொஞ்ச வருஷத்தில் அச்சுகளும் கருவிகளும்கூட இங்கிலாந்திலிருந்து இங்கே வந்துவிட்டன. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூருக்குத் தந்தி வரவில்லை போலிருக்கிறது. அவர்கள் பாட்டுக்கு வண்டி செய்துகொண்டே இருந்தார்கள். 1977-ல் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தார்கள். தாய் போன பிறகும் பிள்ளை பிழைத்ததற்குக் காரணம் ராசியில்லை ஐயா. வண்டி செய்யும் அச்சு மெட்ராஸில் இருந்தது, அவ்வளவுதான். இந்த வரியைக் கொஞ்சம் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளவும். பின்னால் வருவேன்.

புல்லட்டில் என் சிக்கல் வேறு. இன்றைய கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. எங்கள் ஃபிளாட்டின் கீழே தூணுக்கும் இன்னோவாவுக்கும் நடுவிலிருந்து அதைப் பின்னால் இழுத்து வெளியே எடுக்கத் தினமும் காலையில் வாட்ச்மேனின் தயவு வேண்டும்.

இரண்டாவது, புதிய யெஸ்டி. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் செய்கிறார்கள். 334 சி.சி., நான்கு ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங். ரோட்ஸ்டருக்கு இரண்டு சைலன்சரும் வைத்திருக்கிறார்கள். கிக்கர் இல்லை. 2025 செப்டம்பரிலிருந்து 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகிவிட்டதால் விலையும் இறங்கியது. நல்ல வண்டி, ஓட்டிப் பார்த்தேன். ஆனால் என் வண்டியின் ஒரு போல்ட் அதில் பொருந்தாது. அதன் ஒரு போல்ட் இதில் பொருந்தாது. டேங்கில் இருக்கும் பெயரைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை. பிடித்தால் அதன் தகுதிக்காக வாங்கலாம். பழைய பாசத்துக்காக வாங்கினால் அதற்கு ஜி.எஸ்.டி. தள்ளுபடி கிடையாது.

மூன்றாவது, மின்சார வண்டி. இது ஓ.எம்.ஆர். கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகளின் சிபாரிசு. "அப்பா, ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் செய்யறாங்க. நம்ம ஊர் வண்டி. புகை இல்ல, சத்தம் இல்ல." எல்லாம் சரி. பூட்டுத் திறக்க ஆப், வழி சொல்ல ஆப், நோய் கண்டுபிடிக்கவும் ஆப். கம்பெனி மூடினால்? நெதர்லாந்தில் வேன்மூஃப் என்ற மின்சார சைக்கிள் கம்பெனி 2023 ஜூலையில் திவாலானது. கம்பெனியின் சர்வர் நின்றால் சைக்கிள் பூட்டு திறக்காதே என்று வாங்கியவர்கள் பதறினார்கள். கவ்பாய் என்ற போட்டிக் கம்பெனி அவசரமாக ஒரு ஆப் எழுதிக் கொடுத்தது, அவரவர் டிஜிட்டல் சாவியை அவரவர் போனில் இறக்கி வைத்துக்கொள்ள. எதிரி கொடுத்த சாவியில் வண்டி பிழைத்தது. சர்வரை லேத்தில் கடைய முடியுமா என்று எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

பெட்ரோல் வண்டியும் இப்போது அந்தப் பக்கம்தான் போகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இஞ்ஜெக்ஷன், சென்சார், ஈ.சி.யூ. என்ற கணினி எல்லாம் வந்தன. புகை குறைந்தது; நல்ல காரியம். ஆனால் கோளாறு என்ன என்று தெரிய ஸ்கேனர் வேண்டும். அந்த ஸ்கேனர் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. எனக்கு வந்த ஆலோசனைகளிலேயே உருப்படியானது எங்கள் மெக்கானிக் சொன்னது: "எந்த வண்டின்னாலும் வாங்குங்க சார். வாங்கறதுக்கு முன்னாடி என் ஸ்பேனர் உள்ள போவுமான்னு பாத்துட்டு வாங்குங்க."

பழைய வண்டியையே வைத்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். வைத்துக்கொள்ள ஆசைதான். இருபது வயது தாண்டிய இருசக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். கட்டுகிறேன். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். என் கார்புரேட்டரின் ரப்பர்களுக்கு இந்த வயதில் அந்தப் பழக்கம் ஒத்துக்கொள்ளுமா என்று பயமாக இருக்கிறது, அதையும் சமாளிக்கிறேன். ஸ்டாண்டர்டு சைஸ் சிலிண்டருக்கு மட்டும் யாரிடம் போவது?

ஆகவே, பணிவன்புடன் கோரிக்கைக்கு வருகிறேன்.

கலைப்புச் சட்டத்தில் ஒரு வரிசை உண்டு. தொழிலாளர் பாக்கியும் ஈட்டுக் கடன் கொடுத்தவர்களும் முதலில். பிறகு அரசு வரி, மற்ற கடன்காரர்கள், கடைசியில் பங்குதாரர்கள். தொழிலாளர் முன்னால் நிற்பதே நியாயம். அவர்கள் காசில் ஒரு பைசா எனக்கு வேண்டாம். ஸ்பேருக்கு அலையும் வாடிக்கையாளருக்கு அந்த வரிசையில் எங்குமே இடமில்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். நான் கேட்பது காசே இல்லை, காகிதம். சிலிண்டர், பிஸ்டன், கிராங்க், கியர் ஆகியவற்றின் வரைபடங்கள் தங்கள் பொறுப்பில் எங்காவது இருந்தால், அவற்றைப் பொதுவில் வைக்கக் கோர்ட்டின் அனுமதி கேட்டுப் பாருங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அளவுகளை எங்களுக்குக் கொடுங்கள். அம்பத்தூரில் லேத்துகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் வார்ப்படக் கூடங்கள் இருக்கின்றன. திருவொற்றியூர் செய்ததை அவர்களும் செய்வார்கள்.

'பழுதுபார்க்கும் உரிமை' என்று மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதில் அடக்கம். கம்பெனிகள் பழுதுபார்க்கும் கையேட்டைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது நோக்கம். உயிரோடிருக்கும் கம்பெனிக்கு அது பொருந்தும். மூடிய கம்பெனிக்கு? வரைபடம், கையேடு, மின்சார வண்டியானால் மென்பொருள் சாவி, இவற்றை ஒப்படைத்தால்தான் கலைப்பு முடியும் என்று கம்பெனிச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கத் தாங்கள் டெல்லிக்குப் பரிந்துரைக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அது பிந்திவிட்டது. இன்று ஆப் வைத்து வண்டி திறக்கும் பிள்ளைகளுக்குப் பிந்தக் கூடாது.

அடுத்த வண்டி பற்றிய ஆலோசனையைத் தாங்கள் மெதுவாக அனுப்பினால் போதும். கலைப்பு வேலையின் வேகம் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் கம்பெனியின் கணக்கில் வராத கடன்காரன்.

நகல்: எங்கள் தெருமுனை மெக்கானிக், தக்க நடவடிக்கைக்காக.

பி.கு.: இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஷோரூமுக்கு முன் மெக்கானிக் கடைக்குப் போங்கள். எந்தக் கம்பெனி நூறு வருஷம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த வண்டியைத் தன்னால் திறந்து மூட முடியும் என்று அவர் அன்றைக்கே சொல்லிவிடுவார்.