அபாயச் சங்கும் அயலவர் அபிப்பிராயமும்

பாதுகாப்புச் சாதனங்களை நிர்மாணிப்போர் மனத்தில் ஓர் அபூர்வ மனிதன் குடியிருக்கிறான். சங்கு ஒலித்த கணமே கலக்கமின்றி எழுந்து, அறிவித்தலை ஆதியோடந்தமாகக் கேட்டு, அம்புக்குறி காட்டும் திசையில் நடந்து செல்லும் அப்புண்ணியவானை இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவிலோ சாய்ந்தமருதிலோ எவரும் கண்டதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்தே ஆழிப்பேரலை இக்கரையை அடைந்ததெனினும், செய்தி சொல்ல ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. பல்லாயிரம் உயிர்கள் போனபின் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. எச்சரிக்கைக் கோபுரங்களும் எழுந்தன. ஒலி எட்டும் தூரத்தை அளந்தோர், அதைக் கேட்பவன் சுபாவத்தை அளந்தனரோ என்பது ஐயமே. அவனோ வேலியருகே சென்று, "உண்மையாமோ மச்சான்?" என விசாரித்து, அந்நியதேசத்து மைத்துனனுக்குத் தொலைபேசியில் பேசி, ஈற்றில் சந்தேக நிவர்த்தியின் பொருட்டுக் கடலையே பார்க்கப் போவான். 2012 ஏப்ரல் 11இல் எச்சரிக்கை வந்தது, பேரலை வரவில்லை. அத்தகைய ஒவ்வொரு நாளும் அடுத்த சங்கின் மதிப்பைச் சிறிது தின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுநிலையத்தில் 1979இல் நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஏககாலத்தில் எழ, பயிற்சி பெற்ற இயக்குநர்களே எதைக் கவனிப்பதெனத் திகைத்தார்களென்றால், நம்மவரை நோவானேன்?

மனித சுபாவத்தைத் திருத்தும் சட்டம் எந்தப் பாராளுமன்றத்திலும் நிறைவேறப் போவதில்லை. ஆகையால் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் கோயில் தர்மகர்த்தாவுக்கும் வேலியருகே நிற்கும் அந்த மச்சானுக்கும் சரியான விடையை முன்கூட்டியே கற்பித்து வைப்பதுதான், இன்னொரு கோபுரம் கட்டுவதைவிடச் செலவு குறைந்த பொறியியல்.